மேடையில் தப்பு நடந்தால் எங்கே பார்ப்பது?

கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து, மாப்பிள்ளையின் தூரத்துச் சித்தப்பாவுக்கும் பின்னால் சாப்பிடுகிறவன்தான் பாட்டுக் கச்சேரிக்காரன். இதைப் படிக்கிற கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், மைக் செட் அன்பர்கள் இப்போதே தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். ஆறிப்போன ரசத்தின் ருசி அறிந்த கூட்டம் நாம்.

நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எந்தக் குழு கூப்பிட்டாலும் போவேன். பெரும்பாலும் கூப்பிடுவது செல்வராஜ் குழு. செல்வராஜ்தான் பாடகர், தலைவர், வேனின் பின்கதவை ஒரே தள்ளலில் சாத்தத் தெரிந்த ஒரே ஆள். கூடப் பாடுவது தேவி. கீபோர்டு லூர்து. தாளத்துக்கு மயிலத்து ஏழுமலை. எட்டுச் சதுரம் கொண்ட ரிதம் பேடைக் குச்சியால் தட்டி, உடுக்கை முதல் பறை வரைக்கும் வரவழைக்கிறவன். பேஸ் கிட்டாரில் ஒரு வசதி உண்டு. நம்மை யாரும் கவனிக்க மாட்டார்கள். நாம் எல்லோரையும் கவனிக்கலாம். போன வருஷம் அப்படிக் கவனித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏழுமலைக்குக் கல்பனாவைப் பிடித்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. ஜாதகம், சொந்தபந்தம் எதிலும் தடையில்லை. தடை என்று இருந்தது அவளுடைய அப்பா கோவிந்தசாமி. வல்லம் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். பெண் கேட்டுப் போன ஏழுமலையின் அம்மாவிடம் அவர் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாட்டுக்காரங்க நேரத்துக்கு வரமாட்டாங்க, வந்தா ஒயுங்கா இருக்கமாட்டாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. எனக்குத் தெரியாது. நான் பாத்துக்கினு சொல்றேன்" என்றார்.

வாய்ப்பேச்சு என்று நினைத்தோம். மனிதர் நிஜமாகவே பார்க்கக் கிளம்பிவிட்டார்.

ஒரே அடி

விழுப்புரத்தில் ஒரு வரவேற்பு. மேடை ஒழுக்கத்தின் முதல் விதிப்படி, சாமியானாக்காரர் பந்தல் போடக் கயிறு அவிழ்ப்பதற்குள் போய் நின்றோம். எங்களுக்கு முன்பே ஒருவர் வந்திருந்தார். காலி மண்டபம், வரிசை வரிசையாகக் காலி நாற்காலி, மூன்றாவது வரிசையின் ஓரத்தில் தோளில் துண்டோடு கோவிந்தசாமி. அழைப்பில்லாத கல்யாணத்தில் கை நனைக்க மாட்டாராம். அதனால் மடியில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம். ஏழுமலை என் காதருகே வந்தான். "அண்ணா, மாமா வந்துக்கிறாரு" என்றான் என்னிடம். இன்னும் பெண்ணே கிடைக்கவில்லை, அதற்குள் மாமா.

உங்களுக்குத் தெரியும், மிக்ஸர்காரர் கேட்கிற வரைக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு வந்தவர் பொறுமைசாலி. "கிக் குடுங்க" என்றார். ஏழுமலை 'டும்' என்றான். "இன்னொருவாட்டி." டும். ஒயரை மாற்றினார். டும். பாக்ஸைத் திருப்பி வைத்தார். டும். டீ வந்தது, குடித்தார், அப்போதும் டும். ஏழுமலை முகம் சுளிக்காமல் அடித்துக்கொண்டே இருந்தான். பார்க்க வேண்டியவர் இதைப் பார்த்தாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் கோவிந்தசாமி எழுந்து வந்து, மேடை ஓரத்தில் நின்ற என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏங்க, ரொம்ப நேரமா ஒரே அடியா அடிச்சிக்கினு கீறாரே, மத்த அடியெல்லாம் இன்னும் கத்துக்கலியா?"

பெண்ணின் தாய்மாமன் பாடினார்

அதே வரவேற்பில்தான் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் மேடை ஏறினார். கையில் போன், போனில் பாட்டு வரி, கழுத்தில் மாலை. இரண்டாவது விதி: கச்சேரிக்குச் சொன்ன வீட்டில் யார் பாடுகிறேன் என்றாலும் முடியாது என்று சொல்லக் கூடாது. அவருக்கு எந்தச் சுருதி என்று அவருக்கும் தெரியாது. அதற்கு லூர்துவிடம் மருந்து உண்டு. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால், விரல் வழக்கம்போல அதே கட்டைகளில் ஓடும். சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ போய்விடும். தாய்மாமன் எங்கே பிடிக்கிறார் என்று காதைத் தீட்டி, பொத்தானைத் தட்டி, லூர்து போய்ச் சேர்ந்துகொண்டார். நான் அவர் பின்னால் ஓடினேன்.

சுருதிக்குப் பொத்தான் இருக்கிறது. தாளத்துக்கு எங்கே போவது? மாமா ஒவ்வொரு வரியிலும் அரைத் தாளத்தைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். மூச்சு வாங்கும்போது கூடவே ஒன்று போட்டுக்கொண்டார். ஏழுமலை அவர் உதட்டையே பார்த்தபடி, குழந்தை நடக்கும்போது பின்னால் கை வைத்துக்கொண்டே போகிற தாயைப் போலப் போனான். ஓர் இடத்திலும் விழவில்லை. கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. மாமா மாலையைக் கழற்றி ஏழுமலையின் கழுத்தில் போட்டு, கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி மைக்கிலேயே சொன்னார்: "ரெண்டு எடத்துல வழுக்கிட்ட தம்பி, நான்தான் சமாளிச்சேன். பரவால்ல, போகப் போக வந்துடும்."

"சரிங்கையா" என்றான் ஏழுமலை, கும்பிட்டபடி. மூன்றாவது வரிசையில் ஒரு மல்லாட்டை உடைகிற சத்தம் கேட்டது.

நம்பர் இல்லாத மாப்பிள்ளை

அடுத்தது திண்டிவனத்தில். வேறு ஒரு குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று ஏழுமலையை அழைத்திருந்தார்கள். பேஸ் கிட்டாருக்கு நான். அடுத்தவர் பிடித்த கச்சேரியில் வாசிக்கும்போது நமக்கென்று ஒரு விதி உண்டே. அங்கே நம் கார்டை எடுக்கக் கூடாது, நம்பரைச் சொல்லக் கூடாது. கேட்டு வருகிறவர் அந்தக் குழுத் தலைவரின் ஆள். அவரிடமே அனுப்பிவிட வேண்டும். இதை மீறுகிறவனுக்கு அப்புறம் யார் போன் செய்வார்கள்?

அன்றைக்கு ஏழுமலையின் கை நன்றாகப் பேசியது. இடைவேளையில் ஒருவர் வந்து, "எம் பையன் ரிசப்ஷனுக்கு நீங்கதான் வாசிக்கணும், நம்பர் குடுங்க" என்றார். ஏழுமலை தலைவரின் நம்பரைச் சொன்னான். இன்னொருவர் வந்தார், காதுகுத்தாம். அவருக்கும் தலைவரின் நம்பர். சீமந்தத்துக்கு என்று ஒரு அம்மாள் வந்து, "உன் நம்பரத்தான் கேக்கறேன் தம்பி" என்று வற்புறுத்தினார். அவருக்கும் அதே. பக்கத்துத் தூணில் சாய்ந்தபடி கோவிந்தசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தொழில் தர்மம் தெரிந்த பையன் என்று நாலு வார்த்தை சொல்லலாமே என்று நான் கிட்டே போனேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்: "எம் பொண்ணு மாசாமாசம் ஒயுங்கா சம்பளம் வாங்கறா. இவனுக்கு சொந்தமா ஒரு போன்கூட கெடையாதுங்களா? யாரு கேட்டாலும் அடுத்தவன் நம்பரையே குடுத்துக்கினு கீறான்!"

நான் விளக்கப் போனேன். "ஒருத்தர் கொல்லையில களை எடுக்கப் போயி, அங்கியே நம்ம வெதைய வெதைக்கலாமா?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். யோசிப்பது போலத் தெரிந்தது. ஆனால் பொட்டலத்தை மடித்துக்கொண்டு மொபெட்டில் ஏறிவிட்டார். இனி அவ்வளவுதான் என்று ஏழுமலை முடிவு கட்டிவிட்டான். கல்பனாதான் போன் செய்து, "எங்கப்பா வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. இன்னும் வந்துக்கினு இருக்காருன்னா இன்னும் முடிவு பண்ணலன்னு அர்த்தம். நீ ஒயுங்கா வாசி" என்றாளாம்.

கற்பூரம் வரும் வரை

ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, நமக்குக் கூழ் ஊற்றும் திருவிழாதான். ஓமந்தூர் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். பொழுது சாய்கிற நேரம். செல்வராஜ் அம்மன் பாட்டை எடுத்தார். ஏழுமலை உடுக்கைச் சத்தத்தைத் திறந்தான். மூன்றாவது வரிக்குள் முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பக்கத்து மேடைக்காரன் எவனுக்கும் சொல்லித்தர வேண்டாம். பூசாரி வந்து கற்பூரம் காட்டி சாமியை மலையேற்றும் வரைக்கும் தாளம் நிற்கக் கூடாது. நடுவில் நிறுத்தினால் சாமி குற்றம், ஊர்க் குற்றம், கச்சேரிக் குற்றம்.

பூசாரியைக் காணோம். பம்பு செட்டை அணைத்துவிட்டு வருகிறேன் என்று வயல் பக்கம் போயிருந்தார். ஆள் ஓடியது. பாட்டு முடிந்தது, செல்வராஜ் மறுபடியும் முதலிலிருந்து பாடினார். அது முடிந்ததும் தேவி பாடினார். அப்புறம் வரிகள் தீர்ந்துபோய் லூர்து மட்டும் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிற மனிதர், மாரியம்மனுக்கு அன்று குறை வைக்கவில்லை. கடைசியில் அவரும் ஓய்ந்தார், நானும் ஓய்ந்தேன். ஏழுமலை மட்டும் வேர்த்து வழிய அடித்துக்கொண்டிருந்தான். எதிரே கோவிந்தசாமி துண்டை இடுப்பில் கட்டி, கைகூப்பி நின்றார். பூசாரி சேற்றுக் காலோடு ஓடி வருவது தூரத்தில் தெரிந்தது. அப்போதுதான் ஆடிக்கொண்டிருந்த அம்மன் சட்டென்று மேடைப் பக்கம் திரும்பி, ஏழுமலையை நோக்கிக் கை நீட்டி, ஊருக்கே கட்டளையிட்டாள்: "டேய்! கற்பூரம் வர்றதுக்குள்ள எம் புள்ளைக்கு ஒரு சோடா குடுங்கடா!"

விட்ட இடம்

கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் சின்னக் கச்சேரி. வளைகுடாவில் ஒன்றாக வேலை பார்த்த சிநேகிதர்கள் விடுமுறைக்கு வந்து கூடியிருந்தார்கள். பழைய பாட்டாகக் கேட்டார்கள். தேவி சரணத்தில் இருக்கும்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்க ஆரம்பித்தது. யாரும் சொல்லவில்லை, முதல் சத்தத்திலேயே ஏழுமலை குச்சியைத் தூக்கிவிட்டான், நாங்களும் நின்றுவிட்டோம். மாடியில் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். பாங்கு முடிந்ததும் ஏழுமலை கண்ணை மட்டும் அசைத்தான். தேவி பாதியில் விட்ட வார்த்தையின் மறு பாதியிலிருந்து பாட்டு தொடர்ந்தது. வீட்டுக்காரர் எழுந்து நின்று சிரித்துவிட்டார். "மாஷா அல்லாஹ்! கரெக்டா விட்ட எடத்துலேயே புடிச்சிட்டீங்களே. எங்க ஊட்டு ரிமோட்டுக்கே அது வராதுங்க!"

அன்றைக்கு மட்டும் கோவிந்தசாமி வரவில்லை. மல்லாட்டைக்குக் களைவெட்டாம்.

ஐந்து பேர் திரும்பினார்கள்

ஆவணியில் முகூர்த்தம் திறந்தது. திண்டிவனத்தில் பெரிய மண்டபம், பெரிய கூட்டம், தபேலாவுக்கும் தனியாக ஒருவரைச் சேர்த்திருந்தோம். மூன்றாவது வரிசையில் துண்டு. வேனிலிருந்து இறங்கும்போதே ஏழுமலை சொல்லியிருந்தான்: "இன்னிக்கோட முடிவச் சொல்லிடறேன்னு கல்பனாகிட்ட சொன்னாராம் அண்ணா." கோட்டுப் பித்தானை ஓட்டை மாற்றி மாற்றிப் போட்டான். தேவிதான் சரியாகப் போட்டுவிட்டார்.

நடுவில் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் வந்து பாடினார். நல்ல உச்சக் குரல். லூர்து பொத்தானைத் தட்டிச் சுருதியை ஏற்றினார். நண்பர் இறங்கினார்; பொத்தான் இறங்கவில்லை. அடுத்து தேவியின் பாட்டு. முன்னிசையில் லூர்து ஒரு சுருதியில் நுழைய, நான் இன்னொரு சுருதியில் நுழைய, இரண்டும் நட்டநடு மண்டபத்தில் முட்டிக்கொண்டன. கீபோர்டுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. செய்யாத கீபோர்டுக்காரனை நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது என்பதோடு விடுகிறேன்.

செல்வராஜ் திரும்பி லூர்துவைப் பார்த்தார். தேவி திரும்பினார். தபேலாக்காரர் திரும்பினார். நானும் திரும்பினேன். லூர்து திரும்பி, பாவம், மிக்ஸர்காரரைப் பார்த்தார். இதற்கும் விதி இருக்கிறது. தப்பு நடந்தால் செய்தவனைப் பார்க்காதே, ஜனங்களைப் பார். தப்பு நடந்தது அவர்களுக்குக் காதால் தெரியாது, நம் கழுத்தால்தான் தெரியும். எல்லோருக்கும் மனப்பாடமான விதி. வேண்டிய நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஏழுமலை மட்டும் நேராகக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். குச்சியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுழற்று. அப்புறம் பிடித்தான் பாருங்கள் ஒரு தனி அடி! பம்பை, உடுக்கை, பறை என்று எட்டுச் சதுரமும் பேசின. ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் கூட்டத்தைத் தட்டச் சொன்னான். தட்டினார்கள். மாப்பிள்ளை எழுந்து ஆடினார். பெண்ணும் ஆடினாள். அதற்குள் லூர்து பொத்தானை இறக்கிவிட்டு விரலால் சாடை காட்ட, ஏழுமலை ஒரு முத்தாய்ப்பு வைத்து, பாட்டைத் தேவியின் கையில் தாம்பூலம் மாதிரிக் கொடுத்தான். அன்றைக்கு அதுதான் எடுப்பான ஐட்டம் என்று மண்டபமே பேசிக்கொண்டது.

கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். கோவிந்தசாமி முதல்முறையாக மேடை ஏறி வந்தார். நேரே செல்வராஜிடம் போய், லூர்துவின் கீபோர்டைக் காட்டி, "அந்தப் பொட்டிக்காரரு என்னமோ தப்பு பண்ணிட்டாரு, இல்லீங்களா?" என்றார்.

செல்வராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்டிங்க தெரியும்?"

"பாட்டு எனக்கு இன்னா தெரியும்? வரப்புல பாம்பப் பாத்தாப்புல எல்லாரும் ஒரே பக்கம் திரும்புனீங்க. இவன் ஒருத்தன் திரும்பல." ஏழுமலை குச்சியைப் பையில் போட மறந்து நின்றான். கோவிந்தசாமி பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினார். அதுவரைக்கும் அவர் எங்களில் ஒருவருக்கும் மல்லாட்டை கொடுத்ததில்லை. "எம் பொண்ணு கீறாளே, ஊர்ல இருக்கறவன் ரத்தத்துலயெல்லாம் உப்பு எவ்ளோன்னு புட்டுப்புட்டு வெச்சிடுவா. கொழம்புல மட்டும் அவளுக்குக் கணக்கு வராது. சாப்புடறப்போ அவ மூஞ்சியத் திரும்பிப் பாக்காத ஒருத்தனத்தான் தேடிக்கினு இருந்தேன். தை பொறக்கட்டும், வெச்சிக்கலாம்."

மாமனார் பாடினார்

தையில் மயிலத்தில் கல்யாணம். பாட்டுக்காரன் கல்யாணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? சுற்றுவட்டாரக் குழுக்களெல்லாம் வந்துவிட்டன. மேடையில் வாசிக்கிறவர்களை விட, கீழே உட்கார்ந்து வாசிக்கிறவர்களைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். ஏழுமலைக்குப் பதிலாகப் புதுச்சேரியிலிருந்து ஒருவர் பேட் வாசித்தார். நல்ல கைதான், கொஞ்சம் இழுத்தார். மாப்பிள்ளை நாற்காலியில் ஏழுமலையின் கால் தானாகவே சரியான வேகத்தைத் தட்ட ஆரம்பித்தது. போட்டோக்காரர் மூன்று முறை சொல்லியும் நிற்கவில்லை. கடைசியில் கல்பனா மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "போய் வாசிச்சிட்டு வா. இல்லன்னா ஆல்பம் பூரா நீ மங்கலாத்தான் இருப்ப."

பட்டுவேட்டியோடு அவன் பேட் முன்னால் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், மண்டபம் விசில் அடித்தது. அடுத்த நிமிஷம் பெண்ணின் அப்பா மைக்கைப் பிடித்துவிட்டார். கோவிந்தசாமிக்குப் பாட வேண்டுமாம். லூர்து பொத்தானில் கை வைத்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதுதான் கடைசிப் பார்வை. அவர் பல்லவியை ஓரிடத்தில் தொடங்கி, சரணத்தை அடுத்த ஊரில் முடித்தார். தாளம் களைவெட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கோ ஆவணிப் பாடம் பசுமையாக இருந்தது. செல்வராஜ் நேரே பார்த்தார். தேவி நேரே பார்த்தார். லூர்து, நான், தபேலாக்காரர், எல்லோரும் கோயில் சிலை மாதிரிக் கழுத்தை அசைக்காமல், சிரித்த முகத்தோடு, எதிரே இருந்த பந்தி வாசலையே பார்த்தபடி வாசித்தோம். ஏழுமலை மட்டும் எல்லோரையும்விட அகலமாகச் சிரித்தான்.

கைதட்டல் ஓய்ந்தது. கோவிந்தசாமி மைக்கைக் கீழே வைக்கவில்லை. எங்கள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். அப்புறம் மண்டபம் முழுக்கக் கேட்கக் கேட்டார்: "இன்னா மாப்ள, ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பாக்கல... அவ்ளோ மோசமாவா பாடிட்டேன்?"

போன வாரம் ஏழுமலை வீட்டில் எனக்கு விருந்து. குழம்பை ஒரு வாய் வைத்ததும் நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் எதிர்ச் சுவர்க் காலண்டரையே வெகுநேரம் ரசித்துக்கொண்டிருந்தோம் என்பதைத் தவிர, மேடை ஒழுக்கம் பற்றி நான் எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.